இருவருக்கு ஆஸ்திரேலியா: 15 இரவுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் நடுவே விரற்கடை இடைவெளிதான் தெரியும். சாலையில் அது சுமார் 880 கிலோமீட்டர். சிட்னியிலிருந்து பெர்த் போக விமானத்திலேயே ஐந்து மணி நேரம் ஆகும். அது ஒரு கண்டம். பதினைந்து நாளில் எட்டு ஊர் என்று எழுதிக்கொண்டு போனால் விமான நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

முதல் பயணத்துக்கு நாங்கள் சொல்வது நான்கே இடங்கள்: மெல்பர்னும் அதன் கடலோரச் சாலையும், நடுப்பாலைவனத்தில் உலுரு என்ற பெரும்பாறை, வடகிழக்கில் கெய்ர்ன்ஸும் பவளப்பாறைகளும், கடைசியாக சிட்னி. குளிர்ந்த தெற்குக் கடல், செம்மண் பாலை, வெப்பமண்டல மழைக்காடு, துறைமுக நகரம் என்று ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பெர்த், டாஸ்மேனியா, அடிலெய்டு மூன்றும் அருமையானவைதான். ஆனால் இந்தப் பயணத்தில் அவற்றைச் சேர்த்தால் மற்ற நான்கில் ஒன்று கெடும்.

எப்போது போவது

பருவங்கள் அங்கே தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர். நான்கு இடங்களுக்கும் ஒருசேர ஒத்துவரும் காலம் குறைவு. ஜனவரியில் உலுருவில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், கெய்ர்ன்ஸில் மழையும் நச்சு ஜெல்லிமீனும் இருக்கும். ஜூலையில் அந்த இரண்டு இடமும் சுகமாக இருக்க, மெல்பர்னில் குளிர்காற்று முகத்தில் அறையும். எல்லாவற்றுக்கும் இடைப்பட்டது இரண்டு காலம்: செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் இறுதி வரை, அல்லது ஏப்ரல் பிற்பாதி முதல் மே வரை. இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் அக்டோபர்தான். கெய்ர்ன்ஸ் கடலில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும்; அக்டோபரில் அது தணியத் தொடங்கும், ஜெல்லிமீன் பருவமும் இன்னும் வந்திருக்காது.

இரண்டு தேதிகளைத் தவிருங்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை மெல்பர்னில் ஆஸ்திரேலியக் கால்பந்து இறுதிப் போட்டி. நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். அந்த வாரங்களில் அறை வாடகை ஏறிவிடும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பள்ளி விடுமுறை இருப்பதால், அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு கிளம்புவது நல்லது.

விசா: நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு உடனடி மின்னணு அனுமதி கிடையாது. வருகையாளர் விசாவுக்கு, அதாவது துணைப்பிரிவு 600க்கு, ஆஸ்திரேலிய உள்துறையின் 'இம்மிஅக்கவுண்ட்' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கணவன் மனைவியாக இருந்தாலும் ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கட்டணம்; தலைக்கு ஏறக்குறைய 200 ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சேர்ந்து பயணம் செய்கிறோம் என்று இரண்டையும் ஒரே குழுவாக இணைக்கலாம். கைரேகை கேட்டால் விசா மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

சேர்க்க வேண்டியவை: கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்குகள், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம் அல்லது தொழில் பதிவுச் சான்று, திருமணச் சான்றிதழ், நாள்வாரிப் பயணத் திட்டம், ஒரு பக்கக் கடிதம். தமிழில் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் திடீரென்று பெருந்தொகை வந்து விழுந்து, அது எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் இல்லாமல் போவது சந்தேகத்தைக் கிளப்பும். வைப்புத்தொகை முதிர்ந்த பணமோ நிலம் விற்ற பணமோ, அதற்கான தாளைக் கூடவே இணையுங்கள். திரும்பி வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் அதிகாரி தேடும் விஷயம். வேலை, பிள்ளைகள், பெற்றோர், வீடு என்று எது உண்மையோ அதைச் சுருக்கமாக எழுதினால் போதும்.

நம் ஊர்ப் பெயர்களில்தான் இன்னொரு சிக்கல். முன்னெழுத்தும் பெயரும் வைத்துப் பழகியவர்களின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கலாம், அல்லது முன்னெழுத்தை விரித்து அப்பா பெயர் இருக்கலாம். விசாவிலும் விமான டிக்கெட்டிலும் கடவுச்சீட்டில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுதுங்கள். ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால் விசாப் படிவத்தில் அது குடும்பப் பெயர்க் கட்டத்தில் போகும். விசா ஒட்டும் தாள் கிடையாது. கடவுச்சீட்டு எண்ணோடு மின்னணு முறையில் இணைந்திருக்கும். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் விமான நிலையக் கவுன்டரில் விசாவே இல்லை என்று காட்டும். விசா வந்த அன்றே, வந்த கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

பணம் திரும்ப வராத எந்த டிக்கெட்டையும் விசா வரும் முன் வாங்காதீர்கள். திட்டம் காட்டப் பயண நிரல் போதும்.

விமானம்: மெல்பர்னில் இறங்கி சிட்னியிலிருந்து கிளம்புங்கள்

போக ஓர் ஊர், வர இன்னோர் ஊர் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால், திரும்பவும் முதல் ஊருக்கு ஓட வேண்டாம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு வழியாகப் போகலாம். கொழும்பிலிருந்து மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் ஸ்ரீலங்கன் நேரடியாகப் பறக்கிறது. மலிவாக இருக்கிறதென்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்தால், இடைவழி நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கலாம். அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான். இந்தப் பயணத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

உள்நாட்டில் மூன்றே விமானங்கள்: மெல்பர்ன்–உலுரு, உலுரு–கெய்ர்ன்ஸ், கெய்ர்ன்ஸ்–சிட்னி. உலுரு விமான நிலையம் 'ஏயர்ஸ் ராக்' என்ற பழைய பெயரில்தான் தேடலில் வரும். அங்கிருந்து கெய்ர்ன்ஸுக்கு எல்லா நாளும் நேரடி விமானம் இருக்காது. ஆகவே முதலில் இந்த ஒரு விமானத்தின் தேதியைப் பிடியுங்கள். மீதித் திட்டத்தை அதைச் சுற்றிக் கட்டுங்கள். மலிவு விமானங்களில் கைப்பை ஆளுக்கு 7 கிலோ, அதை வாசலில் வைத்தே நிறுக்கிறார்கள். பெட்டிக்கான எடையை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் ஒரு விலை, விமான நிலையத்தில் வாங்கினால் பலமடங்கு. பெட்டி தொலைந்தால் ஒருவர் மாற்றுத்துணி இல்லாமல் நிற்கக்கூடாது என்பதற்காக, இருவர் துணியையும் இரண்டு பெட்டியிலும் பாதிப் பாதியாக வையுங்கள்.

இரவுக் கணக்கு இது: மெல்பர்ன் 2, கடலோரச் சாலையில் உள்ள போர்ட் கேம்பெல் 1, மறுபடி மெல்பர்ன் 1, உலுரு 3, கெய்ர்ன்ஸ் 4, சிட்னி 4.

செலவு பற்றி ஒரு மதிப்பீடு: வெளிநாட்டு விமானக் கட்டணம் போக, நடுத்தர அறைகள், ஒரு வேளை சொந்தச் சமையல் என்று வைத்தால் இருவருக்கும் சேர்த்து 9,000 முதல் 11,000 ஆஸ்திரேலிய டாலர். இதில் பெரிய பங்கு அறைக்கும் உலுருவுக்கும் போகும். அங்கே யுலாரா என்ற ஒரே விடுதி நகரம்தான், விலைப்போட்டி இல்லை. இருப்பதில் எளிய அறையை ஐந்தாறு மாதம் முன்பே பிடிப்பதுதான் வழி.

பெட்டியில் என்ன போகலாம், என்ன போகாது

நோயும் பூச்சியும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பான நாடு. இறங்கும் முன் கொடுக்கும் வருகை அட்டையில் உணவு, விதை, மரப்பொருள், மருந்து பற்றிய கேள்விகள் இருக்கும். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் 'ஆம்' என்று குறியுங்கள். சொல்லிவிட்டால் அதிகாரி பார்த்துத் திருப்பித் தருவார் அல்லது குப்பையில் போடுவார், தண்டனை இல்லை. சொல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர், சிலருக்கு விசாவே ரத்தாகும்.

கறிவேப்பிலை, பச்சைக் காய்கறி, பழம், பால் சேர்ந்த இனிப்புகள் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அம்மா கொடுத்த பால்கோவா அங்கே குப்பைக்குத்தான் போகும். பொடி வகைகளும் ஊறுகாயும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கடையில் அடைத்து விற்கும் சீலிட்ட பொட்டலமாக, பெயர் அச்சிட்டதாக, பெட்டியின் மேல்பக்கத்தில் வையுங்கள், அறிவித்துவிடுங்கள். மண் ஒட்டிய காலணியையும் கேட்பார்கள். முன்பே கழுவிக்கொண்டு போங்கள்.

மருந்துகள் மூன்று மாத அளவுக்குள், மருத்துவர் சீட்டோடு, மூல அட்டையிலேயே இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு அங்கே அரசு மருத்துவ வசதி கிடையாது. பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். பவளப்பாறையில் மூச்சுக்குழலோடு நீந்துவது காப்பீட்டில் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். மின்பிளக் சாய்ந்த இரண்டு தட்டைக் கம்பிகள் கொண்டது. 230 வோல்ட் என்பதால் சார்ஜருக்கு அடாப்டர் மட்டும் போதும். ஒரே அடாப்டரும் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் இருந்தால் இரண்டு போனும் கேமராவும் ஒரே இரவில் ஏறிவிடும்.

சிம் கார்டில் ஒருவருக்காவது டெல்ஸ்ட்ரா இருக்கட்டும். நகரத்தில் எதுவும் ஒன்றுதான். நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் போனதும் வித்தியாசம் தெரியும்.

நேரம் இன்னொரு பொறி. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மெல்பர்னும் சிட்னியும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும். உலுருவும் கெய்ர்ன்ஸும் தள்ளாது. ஆகவே அக்டோபரில் மெல்பர்னைவிட உலுரு ஒன்றரை மணி நேரம் பின்னால், உலுருவைவிட கெய்ர்ன்ஸ் அரை மணி நேரம் முன்னால், கெய்ர்ன்ஸைவிட சிட்னி ஒரு மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் போட்டிருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம்.

மெல்பர்னும் கடலோரச் சாலையும்

இறங்கிய நாளில் கார் எடுக்காதீர்கள். இரவு முழுக்கத் தூங்காமல் வந்த உடம்போடு, டிராம் ஓடும் ஊரில் ஓட்டுவது ஆபத்து. விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் இல்லை. ஸ்கைபஸ் பேருந்து சதர்ன் கிராஸ் நிலையத்தில் விடும். நகர நடுப்பகுதியில் டிராம் இலவசம். அந்த எல்லையைத் தாண்டினால் மைக்கி என்ற பயண அட்டை வேண்டும், ஆளுக்கொன்று. முதல் இரண்டு நாளும் சந்துகள், தாவரவியல் பூங்கா, விக்டோரியா ஓவியக்கூடத்தின் இலவசக் காட்சிகள் என்று நடந்தே பார்த்துவிடலாம். குயின் விக்டோரியா சந்தைக்குத் திங்களும் புதனும் விடுமுறை.

மூன்றாம் நாள் காலையில்தான் வாடகை கார். ஓட்டுவது நம்மைப் போல இடப்பக்கம். ஆங்கிலத்தில் உள்ள இந்திய உரிமம் செல்லும் என்றாலும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை நிறுவனங்கள் சில அதைக் கேட்கும். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். முன்பணமாகச் சில நூறு டாலர் தடுத்து வைப்பார்கள், அந்த அளவுக்கு வரம்பு இருக்கட்டும். விபத்தானால் நீங்கள் தர வேண்டிய தொகை அடிப்படை வாடகையில் பல ஆயிரம் டாலராக இருக்கும்; அதைக் குறைக்கும் கூடுதல் காப்பீட்டை எடுப்பதா இல்லையா என்று கவுன்டரில் நிற்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். எடுக்கும்போதும் விடும்போதும் காரை நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால் இருவர் பெயரையும் பதியுங்கள். பதியாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு செல்லாது.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள் சில. வேக வரம்பு ஊருக்குள் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 100 அல்லது 110, பள்ளி நேரத்தில் பள்ளிப் பகுதியில் 40. கேமரா எங்கும் உண்டு. ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுப்பதைப் பிடிக்கவும் கேமரா இருக்கிறது. சுங்கச் சாவடியில் நின்று பணம் கட்டும் வழக்கம் இல்லை. காரின் எண்ணைப் படம் பிடித்துக் கணக்கில் ஏற்றுவார்கள், வாடகை நிறுவனம் அதன்மேல் சேவைக் கட்டணம் போடும். பெட்ரோலை நீங்களே நிரப்பிவிட்டு, பம்ப் எண்ணைச் சொல்லி உள்ளே போய்ப் பணம் கட்டுங்கள். மெல்பர்ன் நடுநகரில் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப இடது ஓரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். டிராமுக்கு வழிவிடும் ஏற்பாடு அது. பழகாதவர்கள் நேரே போய் அடுத்த சந்திப்பில் சுற்றிக்கொள்வது உத்தமம்.

கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை பாறையை வெட்டிப் போட்ட சாலை; போரில் இறந்த தோழர்களுக்கு அவர்கள் எழுப்பிய நினைவுச்சின்னமும் அதுதான். மெல்பர்னிலிருந்து காலை ஏழரைக்குள் கிளம்பினால் ஒன்பதுக்கு டார்கே. அங்கிருந்து மேற்கே போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம் இருக்கும். வண்டியைச் சட்டென்று ஓரம் கட்டலாம். லார்ன் தாண்டி கென்னட் ரிவரில் யூகலிப்டஸ் மரக்கிளைகளை அண்ணாந்து பார்த்தால் கோலாக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். மதியச் சாப்பாடு அப்பல்லோ பேயில். பிறகு சாலை கடலை விட்டு ஆட்வே காட்டுக்குள் போகும். மெய்ட்ஸ் ரெஸ்ட்டில் 800 மீட்டர் மரப்பாதை இருக்கிறது, அரை மணி நேரம் கொடுங்கள். 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' சுண்ணாம்புத் தூண்களுக்கு மாலை ஐந்து மணி வாக்கில் போய்ச் சேர வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் அநேகமாக நடுப்பகலில் அங்கே நிற்கும். தலைக்குமேல் வெயில், தூண்களுக்கு நிழலே இருக்காது, வேலியோரம் முழுக்கக் கூட்டம். மாலையில் அதே பாறைகள் தேன் நிறமாகும். இதற்காகத்தான் 12 கிலோமீட்டர் தள்ளி போர்ட் கேம்பெலில் ஓர் இரவு. இந்தத் தூண்களும் நிரந்தரமில்லை. 2005 ஜூலையில் ஒன்று கடலில் சரிந்து விழுந்தது. மறுநாள் காலை லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்குப் போங்கள். 1878இல் லாக் ஆர்ட் என்ற கப்பல் இங்கே உடைந்து, இருந்த 54 பேரில் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற இருவர் மட்டுமே பிழைத்தார்கள். அவர்கள் ஒதுங்கிய மணல்திட்டில் இறங்கி நிற்கலாம். திரும்ப உள்நாட்டு வழியாக கோலாக் ஊரைத் தொட்டு வந்தால் மூன்று மணி நேரத்தில் மெல்பர்ன்.

அந்தி சாய்ந்தபின் ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள். கங்காருக்கள் அப்போதுதான் மேய வரும். விளக்கொளியில் விலகாமல் குறுக்கே பாயும். இரவில் நகருக்கு வெளியே விலங்கு மோதிய சேதத்துக்குக் காப்பீடு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் உண்டு. ஃபிலிப் தீவுப் பென்குயின் அணிவகுப்பைப் பார்க்க ஆசை என்றால், அது முடிவதே இருட்டியபின் என்பதால், பேருந்துச் சுற்றுலாவில் போங்கள். ஓர் இரவும் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே படம் எடுக்கத் தடை.

உலுரு: மூன்று இரவு, குறைக்காதீர்கள்

'ஒரு பாறையைப் பார்க்க மூன்று நாளா' என்று கேட்பவர்கள் ஓர் இரவு போட்டுவிட்டு, அது மேகமூட்டமாகப் போக, வெறுங்கையோடு திரும்புவார்கள். உலுருவின் அழகே அது மாறுவதில்தான் இருக்கிறது. 348 மீட்டர் உயரமான அந்த மணற்பாறை உள்ளே சாம்பல் நிறம்; அதிலுள்ள இரும்பு காற்றுபட்டுத் துருப்பிடித்ததால்தான் மேலே செம்மை. விடியலில் ஊதா, சூரியன் பட்டதும் கனல், நடுப்பகலில் மங்கிய காவி, அந்தியில் மறுபடி கனல். மழை பெய்தால் கருத்து, பக்கமெல்லாம் அருவி வழியும். அந்த நாள் கிடைத்தால் பாக்கியம்.

அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடம். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஏற வேண்டாம் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டார்கள்; 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது சட்டப்படி தடை. நம் மலைக்கோயில்களில் கிரிவலம் வருகிறவர்களுக்கு இது சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: உலுருவையும் அடிவாரத்தைச் சுற்றித்தான் அறிய வேண்டும். அந்தச் சுற்று 10.6 கிலோமீட்டர், சமதரை, மூன்றரை மணி நேரம். பாதையில் சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்ற பலகை இருக்கும். அந்தப் பாறை மடிப்புகளில் உள்ள கதைகள் அதற்குரியவர்களிடம் மட்டும் சொல்லப்படுபவை. பலகை முடியும் வரை கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள்.

நாள் திட்டம் இப்படி. முதல் நாள் மதியம் இறங்கி, விடுதியின் இலவசப் பேருந்தில் யுலாரா. மாலை சூரிய அஸ்தமனக் காட்சியிடம். இரண்டாம் நாள் விடியும் முன் தலிங்குரு ந்யாகுஞ்சாகு மேடையில் உதயம் பார்த்துவிட்டு, அப்படியே மாலா வாகன நிறுத்தத்தில் தொடங்கிச் சுற்றுப்பாதை, பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். திரும்பும் வழியில் பண்பாட்டு மையம். அனங்கு மக்கள் தங்கள் சட்டத்தையும் கதையையும் தாங்களே சொல்லும் இடம் அது. முடிந்தால் நடைக்கு முன்பே பாருங்கள், பாறையைப் பார்க்கும் கண் மாறும். மூன்றாம் நாள் யுலாராவிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி கட்டா ட்ஜுடா குன்றுகள். காற்றுப் பள்ளத்தாக்குப் பாதை முழுச் சுற்று 7.4 கிலோமீட்டர், கல்லும் ஏற்றமும் உள்ளது. வெப்பம் 36 டிகிரி தொடும் என்ற முன்னறிவிப்பு இருந்தால் காலை 11 மணிக்கே பாதையின் உட்பகுதியை மூடிவிடுவார்கள். முட்டிவலி உள்ளவருக்கு வால்பா பள்ளத்தாக்கு போதும்.

பூங்கா நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 38 டாலர், தொடர்ந்து மூன்று நாள் செல்லும்; இணையத்தில் முன்பே வாங்கலாம். வெயிலில் நடக்கும்போது ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வெப்பம் கூடிய மாதங்களில் ஈக்கள் கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும். அதைத் தடுக்கத் தலையில் போடும் வலை யுலாராக் கடையில் கிடைக்கும். கார் எடுத்தால் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பைப் படியுங்கள். ஓட்ட விருப்பமில்லையென்றால் பாறைக்குப் போய்வரும் பேருந்து உண்டு. சாப்பாடு விலை அதிகம், சைவத்துக்குத் தெரிவு குறைவு. உள்ளூர்ப் பல்பொருள் அங்காடியில் ரொட்டி, தயிர், பழம் வாங்கிவைத்தால் விடியற்காலை நடைக்கும் உதவும். இரவில் விளக்குகளை விட்டு இருட்டுக்குள் பத்து நிமிடம் நில்லுங்கள். பால்வெளி தலைக்குமேல் ஆறாக ஓடும்.

கெய்ர்ன்ஸ்: கடலை முதலில் வையுங்கள்

நான்கு இரவில் முதல் முழு நாளையே பவளப்பாறைக்கு ஒதுக்குங்கள். காற்றால் படகு ரத்தானால் அடுத்த நாளுக்கு மாற்ற இடம் இருக்கும். கடைசி நாளில் வைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

படகு வகையை உங்கள் இருவரில் நீச்சல் குறைவாகத் தெரிந்தவரை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நீச்சல் தெரியாதவர் என்றால், கடலில் நிரந்தரமாக மிதக்கும் பெரிய மேடைக்குப் போகும் படகு. அங்கே கண்ணாடி அடிப் படகும், பாதி மூழ்கிய படகும், மிதவைக் கவசமும் உண்டு; நனையாமலே பவளம் பார்க்கலாம். இருவரும் நன்றாக நீந்துவீர்கள் என்றால், ஒரே நாளில் இரண்டு மூன்று பாறைகளுக்குப் போகும் சிறு படகு. வெளிப்பாறைக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். ஆளுக்கு 250 முதல் 320 டாலர் வரை எடுத்துவையுங்கள். ஆஸ்துமா, இதயநோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். மூச்சுக்குழலோடு நீந்தப் பொதுவாகத் தடுக்க மாட்டார்கள்; வேறு நிறக் கவசம் கொடுத்துக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

கடல் குமட்டலுக்கான மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை. காலை உணவை லேசாகச் சாப்பிடுங்கள், படகின் பின்பக்கம் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். உடல்மூடும் லைக்ரா உடையைப் பருவம் எதுவானாலும் அணியுங்கள். நவம்பர் முதல் மே வரை ஜெல்லிமீனுக்கு, மற்ற மாதங்களில் முதுகைப் பொசுக்கும் வெயிலுக்கு. பவளத்தைக் காலால்கூடத் தொடக் கூடாது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்துக் கடல் சூடேறிப் பவளம் வெளுத்திருக்கிறது. எல்லா இடமும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை, பார்க்க இன்னும் நிறையவே உயிரோடு இருக்கிறது. அது தாங்கிக்கொண்டிருக்கும் உயிர் என்ற நினைப்போடு நீந்துங்கள்.

காற்று உருளையோடு மூழ்கியிருந்தால் அதன்பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உயரமான மலைக்கும் அதே நாளில் போகக்கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். ஆகவே குரண்டா மலைப்பயணம் ஒரு நாள் தள்ளியே இருக்கட்டும். போகும்போது 1891இல் திறந்த மலை ரயில், 15 சுரங்கங்கள். வரும்போது மழைக்காட்டின் மேல் 7.5 கிலோமீட்டர் கம்பிவடக் கூண்டு. மூன்றாம் நாள் மாஸ்மன் பள்ளத்தாக்கும் டெய்ன்ட்ரீ மழைக்காடும். அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் தண்ணீரருகே நிற்கவே நிற்காதீர்கள். கெய்ர்ன்ஸ் கடற்கரை சேறு. குளிக்க ஊருக்குள் எஸ்பிளனேடு குளம் இருக்கிறது, இலவசம்.

சிட்னி

விமான நிலைய ரயில் நிலையத்தில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் நுழைவுக் கட்டணம் ஒன்று உண்டு. இருவர், இரண்டு பெட்டி என்றால் டாக்ஸியும் ஏறக்குறைய அதே விலைக்கு வரும். மற்றபடி ரயில், பேருந்து, படகு எல்லாவற்றிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது அட்டையும் இறங்கும்போது போனும் தட்டினால், ஒரே கணக்காக இருந்தாலும் இரண்டு தனிப் பயணமாக எடுத்து அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். இந்திய அட்டைக்கு வெளிநாட்டுக் கட்டணம் ஒவ்வொரு தட்டுக்கும் சேரும் என்பதால் ஓபல் என்ற உள்ளூர்ப் பயண அட்டை வாங்கிக்கொள்வது மேல்.

தினசரிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறில் அது வெகுவாகக் குறையும். நீலமலைக்குப் போகும் இரண்டு மணி நேர கட்டூம்பா ரயிலை அந்த நாட்களில் வைத்தால் அதே வரம்புக்குள் போய்வந்துவிடலாம். எக்கோ பாயின்ட்டில் மூன்று சகோதரிகள் பாறையைப் பார்த்து ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், விளிம்பு வழியே ஒரு மணி நேரமாவது நடங்கள்.

துறைமுகத்தைப் பார்க்க விலை உயர்ந்த சொகுசுப் படகு தேவையில்லை. சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேன்லி போகும் சாதாரணப் பயணிகள் படகு, அரை மணி நேரம், 1973இல் திறந்த ஓபரா மாளிகையைக் கடந்து போகும்; 1932இல் திறந்த துறைமுகப் பாலமும் கண்ணில் படும். மாலை ஐந்தரைக்குப் போய், விளக்கேற்றியபின் திரும்புங்கள். பாலத்தின் மேல் ஏற நூற்றுக்கணக்கில் டாலர். கிழக்குப் பக்க நடைபாதை இலவசம், மில்சன்ஸ் பாயின்ட் நிலையத்தில் இறங்கி நகரை நோக்கி நடந்தால் மாளிகை முன்னே விரியும். பாண்டையிலிருந்து கூஜி வரை 6 கிலோமீட்டர் கடலோர நடை. குளிப்பதாக இருந்தால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். கொடிக்கு வெளியே அமைதியாகத் தெரியும் தண்ணீர்தான் பெரும்பாலும் உள்ளிழுக்கும் நீரோட்டம்.

நம் சாப்பாடு தேடும் நாளில் ஹாரிஸ் பார்க்குக்கு ரயில் ஏறுங்கள். மேஸ் ஹில்லில் முருகன் கோயில் இருக்கிறது. ஒரு நாள் கார் எடுப்பீர்கள் என்றால் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலைத் தரிசித்துவிட்டு, கடல்மேல் வளைந்து போகும் 665 மீட்டர் சீ கிளிஃப் பாலம் வரை ஓட்டுங்கள். எங்கே சாப்பிட்டாலும் இரவு எட்டரைக்குள் உட்காருங்கள், சமையலறை சீக்கிரம் மூடும். ஞாயிறும் விடுமுறை நாளும் பில்லில் 10–15 சதவீதம் கூட்டுவார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை.

கிளம்பும் நாள்

ஒரே நிறுவனத்தில் 300 டாலருக்குக் குறையாமல், கிளம்புவதற்கு 60 நாளுக்குள் வாங்கிய பொருளுக்கு, விலையில் பதினொன்றில் ஒரு பங்கு வரி திரும்பக் கிடைக்கும். வரி ரசீது வேண்டும். 1,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் ரசீதில் வாங்கியவர் பெயர் இருக்க வேண்டும். வாங்கியவரும் கட்டியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதால், இருவர் அட்டையிலும் பிரித்துக் கட்டாதீர்கள். பொருளை கைப்பையில் வைத்துக் குடிவரவு தாண்டியபின் உள்ள கவுன்டரில் காட்டுங்கள். பெரிய பொருளைப் பெட்டியில் போட வேண்டும் என்றால், பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கவுன்டர் விமானம் கிளம்ப 30 நிமிடம் முன்பே மூடிவிடும், வரிசையும் நீளம். மூன்றரை மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேருங்கள்.